ஆற்றாமையே அளவுகோல்: மணிமேகலையின் பசியறமும் கோமா அகதி முகாம்களும்

போரினால் வீடிழந்து வந்தவனுக்குச் சோறிடுவதில் அறச்சிக்கல் ஏதும் இருக்க முடியாது என்றே முதற்பார்வையில் தோன்றும். ஒருவன் பசித்திருக்கிறான், மற்றொருவனிடம் உணவு இருக்கிறது, கொடுப்பது கடன். ஆனால், அன்று சயீர் எனப் பெயர்பெற்றிருந்த காங்கோ நாட்டின் எல்லை நகரான கோமாவில், 1994 சூலைத் திங்களில் இந்த எளிய கணக்குப் பிழைத்துப்போயிற்று. அங்கே பசித்து வந்தவருள் கொலை செய்தவர்களும் இருந்தனர். அவர்கள் தனியே வரவில்லை. தம் ஊராரையும் உடன் கிளப்பிக்கொண்டு வந்திருந்தனர். உலகம் அனுப்பிய தானியம் அவர்கள் கைவழியாகவே ஏனையோரைச் சென்றடைந்தது. கொடுப்பதா, நிறுத்துவதா என்ற வினாவுக்குத் துயர்தணிப்பு அமைப்புகள் ஒரே விடையைக் கூறவில்லை.

அவ்விடைகளைப் பசிதீர்த்தலை மைய அறமாகக் கொண்ட மணிமேகலையின் துணைகொண்டு எடைபோட்டுப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். இன்றைய பன்னாட்டுச் சட்டத்தைக் காப்பியத்துள் தேடிக் கண்டெடுப்பது நோக்கமன்று. ‘அன்றே சொன்னார் தமிழர்’ எனும் வகை ஆய்வுகள் நம் இதழ்களில் வேண்டிய அளவு வந்துவிட்டன. காப்பியம் எழுப்பும் வினாக்கள் சில, கோமாவைப் பற்றிய விவாதங்களில் சரியாகக் கேட்கப்படவில்லை என்பதே இங்குச் சொல்ல விழைவது.

கோமாவில் நிகழ்ந்தது

1994 ஏப்ரல் 7 தொடங்கிச் சூலை நடுப்பகுதி வரையிலான நூறு நாள்களில் ருவாண்டாவில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் என்பது ஐ.நா. மதிப்பீடு. இறந்தோருள் மிகப் பெரும்பாலோர் டுட்சி இனத்தார். கொலையை முன்னின்று நடத்திய ஹூட்டு அரசு, ருவாண்டா தேசபக்த முன்னணியிடம் போரில் தோற்றது. தோற்ற அரசு தன் படையோடும் ‘இன்டெராஹாம்வே’ எனப்பட்ட கொலைக்குழுவோடும் எல்லை கடந்தது. எஞ்சியிருந்தால் வருகிறவர்கள் கொன்றுவிடுவார்கள் என்று வானொலி ஓயாமல் அச்சுறுத்த, ஊர் ஊராக மக்கள் கிளம்பினர். அவர்களது அச்சம் முழுதும் பொய்யன்று. ஆயினும் அந்த இடம்பெயர்வு அச்சத்தால் மட்டும் விளைந்ததுமன்று. மக்களற்ற நிலத்தை வென்றவனுக்கு விட்டுவிட்டு, மக்களைத் தன்னோடு கொண்டுபோவது தோற்றவனின் போர்முறையாகவும் இருந்தது. இடம்பெயர்வைப் போரின் விளைவாக மட்டுமே காணும் நம் வழக்கமான பார்வை இங்குப் போதாது.

சூலை 14 முதல் ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ 8.5 இலட்சம் பேர் கோமாப் பகுதியில் வந்து குவிந்தனர். அது எரிமலைக் குழம்பு உறைந்து இறுகிய கரும்பாறை நிலம். கழிப்பிடக் குழி தோண்டவும் இயலாது; புதைகுழி தோண்டவும் இயலாது. கிவு ஏரியின் நீரே குடிநீர். காலராவும் சீதபேதியும் முதல் ஒரு திங்களில் ஏறத்தாழ 50,000 உயிர்களைக் கொண்டுபோயின. பாதையோரத்தில் பாயில் சுற்றிக் கிடத்தப்பட்ட பிணங்களின் படங்களை உலகம் கண்டது, இரங்கியது, வாரி வழங்கியது. சில வாரங்களுக்கு முன் ருவாண்டாவுக்குள் நிகழ்ந்த கொலைக்கு இவ்வளவு இரக்கம் கிடைக்கவில்லை என்பதை இங்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கிபும்பா, கட்டாலே, முகுங்கா முதலிய முகாம்கள் அமைந்தன. ருவாண்டாவில் மக்கள் எந்த மாவட்டம், எந்த ஊர்ப்பிரிவு என்ற ஒழுங்கில் ஆளப்பட்டனரோ, அதே ஒழுங்கில் முகாமிலும் குடியமர்ந்தனர். தலைவர்களும் பெரும்பாலும் அவர்களே. பல இலட்சம் பேருக்குத் தானியம் அளந்துகொடுக்க ஆளில்லாத நிலையில், இந்த ஆயத்தமான நிர்வாகம் உதவி அமைப்புகளுக்கு வசதியாகவே பட்டது. உணவு தலைவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் ஆள்கணக்கைக் கூட்டிச் சொன்னார்கள், மிகுந்ததை விற்றார்கள், தலைக்கட்டு எடுக்கும் முயற்சிகளைத் தடுத்தார்கள், நாடு திரும்ப எண்ணியவர்களை மிரட்டினார்கள், கொன்றுமிருக்கிறார்கள். படைப்பயிற்சி நடந்தது. எல்லை கடந்து ருவாண்டாவுக்குள் தாக்குதல்கள் நடந்தன.

1994 நவம்பரில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு முகாம்களைவிட்டு வெளியேறுவதாக அறிவித்தது. தங்கள் உதவி கொலையாளிகளின் ஆட்சிக்கு ஊன்றுகோலாகிவிட்டது என்பது அவர்கள் கூறிய காரணம். அதே அமைப்பின் பிற நாட்டுப் பிரிவுகள் அப்போது விலகவில்லை. சடாக்கோ ஒகாட்டா தலைமையிலிருந்த ஐ.நா. அகதிகள் உயர் ஆணையரகமும் விலகவில்லை. முகாமில் இருந்தோருள் பெரும்பகுதியினர் பெண்களும் குழந்தைகளும். அவர்களைக் கைவிட முடியாது என்பது தங்கியவர்களின் வாதம்.

குற்றமா, ஆற்றாமையா?

இந்த விவாதம் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி நடந்தது: கொலைகாரனுக்குச் சோறிடலாமா? மணிமேகலை இவ்வினாவை வேறுவகையாக அணுகுகிறது. அமுதசுரபியைக் கையில் ஏந்திய மணிமேகலை புகார் நகரத்துச் சிறைக்கோட்டத்துள் சென்று அங்கிருந்தோர் பசியைத் தீர்க்கிறாள். யார் என்ன குற்றம் செய்து அங்கு வந்தார் என்று காப்பியம் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இக்காதையைப் பாடம் சொல்லும்போது, ‘சிறையில் கொலை செய்தவர்களும் இருந்திருப்பார்களே’ என்று மாணவர் எவரேனும் கேட்பதுண்டு. இருந்திருப்பார்கள். ஆனால் உண்பதற்குரிய தகுதியைக் காப்பியம் ஒழுக்கத்தில் வைக்கவில்லை.

அத்தகுதி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பாத்திரம் பெற்ற காதையில் தீவதிலகை தெளிவுபடுத்துகிறாள். தாமே தேடிக்கொள்ள வல்லவர்க்குக் கொடுப்பது அறத்தை விலைக்கு விற்பதாகும். அவ்வாறு இயலாத மாக்களின் பசியைக் களைவதிலேதான் உலகத்தின் மெய்யான வாழ்க்கை அடங்கியுள்ளது என்பது அவள் கூற்றின் பொருள். ‘அறவிலை’ என்ற கருத்துப் புறநானூற்றிலும் உண்டு. அங்கு அது மறுமைப் பயன் கருதிக் கொடுப்போனைச் சுட்டுகிறது. மணிமேகலையில் அச்சொல் கொடுப்போனின் உள்நோக்கத்தைவிட்டுப் பெறுவோனின் நிலையை நோக்கித் திரும்பிவிடுகிறது. இந்தத் திருப்பம் உரிய கவனத்தைப் பெற வேண்டிய ஒன்று.

இவ்வளவுகோலின்படி சிறைப்பட்டவன் உணவுக்கு உரியவன். அவன் நல்லவன் என்பதால் அன்று, அடைபட்டிருப்பதால். காலராவில் வீழ்ந்த கொலைக்குழுவினனும் அக்கணத்தில் உரியவனே. 1859இல் சோல்ஃபெரினோ போர்க்களத்தைக் கண்ட ஹென்றி டூனான்ட் வழியே வளர்ந்த செஞ்சிலுவை மரபும், ஜெனீவா ஒப்பந்தங்களும் காயம்பட்ட பகைவனைக் காப்பதற்குக் கூறும் அடிப்படையும் இதுவே: அவன் படைக்கலத்தைக் கீழே வைத்துவிட்டான், இனிப் போரிட மாட்டாதவன். மாறாக, முகாமின் நடுவே துப்பாக்கியோடு நின்று மற்றவர் பங்கை அளப்பவன் ஆற்றுநன். குற்றம் செய்தவன் என்பதற்காக அவனுக்கு மறுக்க வேண்டியதில்லை. வலியவன் என்பதே மறுப்பதற்குப் போதும். அவனுடைய குழந்தையோ ஆற்றாதது. தந்தையின் பொருட்டு அதன் உணவை நிறுத்தக் காப்பியமும் இடந்தராது, சட்டமும் இடந்தராது.

அளவுகோல் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆற்றுநனும் ஆற்றாதவரும் ஒரே கூரையின் கீழ், ஒரே பங்கீட்டு அட்டையில் இருக்கும்போது அதனை எப்படிப் பயன்படுத்துவது? 1949இன் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம் இச்சிக்கலை அறிந்தே இருந்தது. குழந்தைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் உரிய உணவைப் போரிடும் தரப்புகள் தடையின்றிச் செல்லவிட வேண்டும் என்று 23ஆம் உறுப்பில் விதித்துவிட்டு, அவை வேறு கைக்குத் திசைமாறும் என அஞ்சத் தக்க காரணம் இருந்தால் அக்கடமை இல்லை என்றும் அங்கேயே கூறிவிடுகிறது. 1951இன் அகதிகள் ஒப்பந்தமும் போர்க்குற்றம் புரிந்தோர் எனக் கருதத் தக்க வலுவான காரணமுடையோரை அகதி எனும் வரையறையிலிருந்து விலக்குகிறது. ஆனால் பிரித்தெடுக்கும் வேலையை யார் செய்வது? மூட்டை சுமக்கும் லாரியோட்டியா, ஊசிபோடும் செவிலியா?

அகப்பை யார் கையில்?

அமுதசுரபியின் தலையாய இயல்பு, அள்ள அள்ளக் குறையாமை. இதனை நாம் அற்புதமாகவே படித்துவந்திருக்கிறோம். அதன் அரசியற் பொருள் வேறு. குறையாத பாத்திரத்தைக் காவல்காக்க எவனும் வேண்டியதில்லை, பட்டியல் வேண்டியதில்லை, இன்னாருக்கு இல்லை என்று சொல்லி எவனும் பெரியவனாக முடியாது. பற்றாக்குறை உள்ள இடத்திலேதான் அகப்பை செங்கோலாகிறது. மேலும் மணிமேகலை தன் கையாலேயே இடுகிறாள். அவளுக்கும் உண்போனுக்கும் இடையே தலைவன் ஒருவன் இல்லை. கோமாவில் குறைந்துபோகும் தானியத்தை இடைத்தலைவனிடம் ஒப்படைத்தார்கள். அங்கு நேர்ந்த பிழை கொலைகாரனும் உண்டான் என்பதன்று, அவனே பரிமாறினான் என்பதாகும். பின்னர் வழங்கீட்டைச் சிறு குடும்பக் குழுக்களிடம் இறக்கிக் கொண்டுசெல்ல முயன்றனர். ஆனால் அதற்குள் முகாமின் ஆட்சி வேரூன்றிவிட்டது.

வெளியேறியவர்களின் முடிவைப் பற்றி எண்ணும்போது ஆபுத்திரன் நினைவுக்கு வருகிறான். அமுதசுரபியால் மதுரையில் பலர் பசியைத் தீர்த்தவன் அவன். மழை பெய்து பாண்டிநாடு செழிக்க, உண்ண வருவோர் இல்லாமற் போயினர். சாவக நாட்டில் பசி என்று கேட்டு மரக்கலம் ஏறினான். மணிபல்லவத்தில் அவன் இறங்கியிருந்தபோது கலம் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டது. பலர்க்கு ஊட்டிய பாத்திரத்தால் தன்னுயிரை மட்டும் காத்துக்கொள்ள மனமின்றி, அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாநோன்பால் உயிர்நீத்தான். தன் பயனைவிட்டுத் திரிந்துபோன கருவியைக் கீழே வைத்துவிடுவதும் அறமே என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று நம் இலக்கியத்தில் எனக்குத் தென்படவில்லை.

அப்படியானால் 1994 நவம்பரில் வெளியேறியவர்களின் செயலும் ஆபுத்திரன் செயலே எனலாமா? முழுதும் எனக்கு உடன்பாடில்லை. ஆபுத்திரன் பாத்திரத்தை விட்டபோது பட்டினி கிடந்தவன் ஆபுத்திரனே. மருத்துவர்கள் வெளியேறினால் மருந்தின்றிக் கிடப்பவன் வேறொருவன். விலையைத் தானே செலுத்தும் மறுப்பும், பிறர் தலையில் விலையை ஏற்றும் மறுப்பும் ஒன்றல்ல. வேறு அமைப்புகள் தங்கியிருந்ததால், வெளியேறியவர்களின் மறுப்பு நோயாளிகள்மீது அவ்வளவாக விழவில்லை. சற்றுக் கசப்பாகச் சொன்னால், தங்கியவர்களின் தயவால் வெளியேறியவர்களின் மனச்சான்று தூய்மையாயிற்று. ஆயினும் அவர்கள் வெளியேறியிராவிட்டால் முகாமின் உள்நிலை உலகின் காதுக்கு அவ்வளவு உரத்து எட்டியிருக்காது என்பதையும் மறுப்பதற்கில்லை. தான்சானியா முகாம்களில் அந்தப் பிரெஞ்சுப் பிரிவின் பணிக்குத் தலைமை தாங்கிய பியோனா டெர்ரி, 2002இல் வெளியிட்ட தம் நூலில் இச்சிக்கலை விரிவாக ஆராய்ந்துள்ளார். தம் அமைப்பின் செயலை வெற்றியாகக் கொண்டாடாத நூல் அது.

வெளியேறியவர், தங்கியவர் ஆகிய இரு தரப்பையும்விடக் கூடுதலாகக் கேள்விகேட்கப்பட வேண்டியவர்கள் அரசுகள். 1994 சூலையில் கோமாவுக்கு அமெரிக்கப் படையினர் வந்தனர். வேறு நாட்டுப் படையினரும் வந்தனர். அமெரிக்கப் படை நீரைத் தூய்மைப்படுத்தும் பொறிகளை நிறுவியது. படைக்கலம் ஏந்தியோரைப் பொதுமக்களிடமிருந்து பிரிப்பதற்குப் படை வேண்டும் என்று ஐ.நா. பொதுச்செயலர் பூத்ரோஸ் காலி கேட்டபோதோ, நாடுகள் முன்வரவில்லை. இறுதியில் 1995 தொடக்கத்தில் அகதிகள் ஆணையரகமே சயீர் நாட்டுப் படைவீரர் ஏறத்தாழ 1,500 பேருக்குப் படிப்பணம் தந்து முகாம்களில் ஒழுங்கு காக்க நிறுத்தியது. திருட்டும் சண்டையும் குறைந்தன. பிரித்தெடுப்பது அவர்களுக்கு இட்ட பணியன்று. தானியம் அனுப்புவது, வீரரை அனுப்பாமலிருப்பதற்கு ஈடாக அமைந்துவிட்டது. வல்லரசுகள் செய்ய வேண்டிய வேலையைச் சோற்றுப்பானையின்மேல் ஏற்றி வைத்தார்கள். பானை அதைச் சுமக்கவில்லை என்று பானையைக் குறைகூறினார்கள்.

1996 அக்டோபர், நவம்பர் திங்கள்களில் பிரித்தெடுத்தல் நிகழ்ந்தது, வேறு வகையில். ருவாண்டாப் படையும் அதன் துணைபெற்ற சயீர்க் கிளர்ச்சியாளரும் முகாம்களைத் தாக்கிக் கலைத்தனர். நவம்பர் 15 அன்று முகுங்கா முகாம் காலியாகத் தொடங்கியது. சில நாள்களுக்குள் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ருவாண்டாவை நோக்கிச் சாலையில் நடந்தனர். ஏனையோர் மேற்கே காட்டுக்குள் ஓடினர். அவர்களுள் ஆயுதம் ஏந்தியவனும் இருந்தான், கைக்குழந்தையோடு நடந்தவளும் இருந்தாள். துரத்திச் சென்ற படை அந்த வேறுபாட்டைப் பார்க்கவில்லை. அக்கொலைகளை ஐ.நா. 2010இல் வெளியிட்ட ஆய்வறிக்கை பதிவுசெய்துள்ளது.

சிறைக்கோட்டக் காதைக்கு மீண்டும் வருவோம். பசி தீர்த்ததோடு மணிமேகலை நின்றுவிடவில்லை. அவளை அழைத்த சோழ மன்னன் என்ன வேண்டும் என்று வினவுகிறான். சிறைக்கோட்டத்தை ஒழித்து அதனை அறவோர் உறையும் கோட்டமாக்க வேண்டும் என்பது அவள் கேட்டது. பாத்திரத்தால் முடியாததை அவள் அரசனிடம் கேட்டாள். அரசன் செய்தான். பின்னர் அவள் பசியால் வாடிய காஞ்சிக்குச் செல்லும்போதும் இதே வரிசையைக் காண்கிறோம். அங்கு இளங்கிள்ளி பொய்கையும் பொழிலும் முன்னரே அமைத்து வைத்திருக்கிறான், பீடிகை எழுப்பப்படுகிறது, அதன் பின்னரே அவள் பாத்திரத்தை அப்பீடிகையின்மேல் வைத்து, பல்வேறு மொழி பேசும் மாக்களையும் உண்ண அழைக்கிறாள். குருடரும் செவிடரும் முடவரும் பேணுவோர் இல்லாதோரும் நோயுற்றோரும் வந்தனர் என்று சாத்தனார் வகைசொல்லிச் செல்கிறார். அப்பட்டியலில் உள்ளோர் அனைவரும் ஆற்றாதவர்கள்.