வேதாளைக் கரையில் நின்றவர்

பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் எங்கள் வேப்பந்தட்டைப் பகுதியில் அந்தோணி என்பது பழகிய பெயர். அண்மையில் ஒரு திருமுழுக்கு விருந்தில், குழந்தைக்கு எந்த அந்தோணியாரின் பெயர் என்று வினவினேன். "பதுவை அந்தோணியார்தான். வனத்து அந்தோணியாரும் இருக்கிறார். மூன்றாவதாக ஒருவர் உண்டா என்ன?" என்றார் குழந்தையின் தாத்தா. உண்டு என்றேன். தமிழ் மண்ணிலேயே உயிர் துறந்தவர். ஆயினும் புனிதர் பட்டம் பெறாதவர்.

அந்தோணி கிரிமினாலி, இத்தாலியில் பார்மாவுக்கு அருகிலுள்ள சிஸ்ஸாவில் 1520இல் பிறந்தார். இயேசு சபைக் குருவாக இந்தியா வந்த இவரை, புனித சவேரியார் முத்துக்குளித்துறைப் பணிக்குத் தலைவராக நியமித்தார். தமிழைப் பேசியதோடு எழுதவும் படிக்கவும் கற்றார். 1549இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று வரலாற்றாசிரியர் இவரையே குறிப்பிடுவர்.

எதற்காகக் கொல்லப்பட்டார் என்று கேட்கும்போதுதான் மனம் கூசுகிறது. வேதாளையில் இருந்த போர்த்துக்கீசியத் தளபதி, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகரின் வழியை மறித்து அகழி வெட்டி, வரி கேட்டான். கோயிலைச் சார்ந்தோர் முறையிட்டனர். வடுகர் படை திரண்டு வந்தது. வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் நம்மை எவரேனும் மறித்துப் பணம் கேட்டால் நாம் வாளாவிருப்போமா? அன்றைய வழக்கில் நியாயம் யாத்திரிகர் பக்கமே இருந்தது. நம்மவர் எழுதும் வரலாறுகள் இதை விரைந்து கடந்துவிடுவது சரியன்று.

படை நெருங்கியதும் போர்த்துக்கீசியர் கடலை நோக்கிப் பின்வாங்கினர். அகழி வெட்டாத, வரி வாங்காத எளிய கிறிஸ்தவர்கள் கரையில் அகப்பட்டனர். கிரிமினாலி பெண்களையும் குழந்தைகளையும் படகுகளில் ஏற்றினார். தாமும் ஏறியிருக்கலாம், வற்புறுத்தியும் ஏறவில்லை. ஈட்டிகள் பாய்ந்தன; தலை கொய்யப்பட்டது. வயது 29.

விசுவாசத்தின் மீதுள்ள வெறுப்பால் கொல்லப்பட்டவரே மறைசாட்சி என்பது திருச்சபையின் பழைய அளவுகோல். 1752இல் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயம் 2022இல் புனிதரானது அவ்வளவுகோலின்படியே. வேதாளைக்கு அது பொருந்துமா? படை வந்தது வரியின் பொருட்டு. அளவுகோலை நான் குறை கூறமாட்டேன். அது இல்லையேல், நம் தரப்பில் மாண்டோரையெல்லாம் புனிதராக்கி, நம் தரப்பின் பிழைகளையும் சேர்த்தே பீடமேற்றிவிடுவோம்.

2017இல் திருத்தந்தை பிரான்சிஸ் வேறொரு வழியைத் திறந்தார். பிறரன்பால் தம் உயிரை மனமுவந்து கையளித்தவரையும் புனிதர் நிலைக்கு ஆராயலாம் என்றார். அப்போது கேள்வியே மாறுகிறது: கொன்றவர் மனத்தில் இருந்தது யாது என்பது போய், நின்றவர் மனத்தில் இருந்தது யாது என்றாகிறது.

நம்மவர் செய்த பிழையின் பலனை, அதில் பங்கில்லாத நான் ஏன் சுமக்க வேண்டும்? கிரிமினாலி இப்படிக் கேட்டிருந்தால் யாரும் மறுத்திருக்க இயலாது. ஊர்ச் சண்டை மூளும்போது "எனக்கென்ன" என்று கதவடைப்பது எளிது. நம் கூட்டம் செய்தது சரியே என்று கம்பெடுப்பது அதினும் எளிது. அவர் ஆயுதம் ஏந்தவுமில்லை, படகேறவுமில்லை.

தாத்தா வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "படகில் ஏற்றிய பிள்ளைகள் பிழைத்தார்களா?" என்றார்.

பலர் தப்பினார்கள் என்றேன். குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டுப் பந்தியைக் கவனிக்க எழுந்து போனார்.