தூய்மை தரும் நதிக்குத் தூய்மை வேண்டுமோ?

பாவங்களைப் போக்கும் புண்ணிய நதியை மனிதரின் அழுக்குத் தீண்டுமோ என்று வினவுவோர் உண்டு. காவேரி அனைத்தையும் கொண்டுபோய்விடுவாள் என்று நம்பி, உடுத்த துணியையும் உண்ட இலையையும் படித்துறையிலேயே விட்டுச் செல்வோரும் உண்டு. இதற்கு விடை காண, நதி என்பது யாதென முதலில் உணர்தல் வேண்டும்.

கதிரவன் வெம்மையால் கடல்நீர் ஆவியாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அதனைச் சுமந்து வந்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, மேலெழும்பிக் குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. அந்நீரைக் காடும் புல்வெளியும் உள்வாங்கிச் சிறுகச் சிறுக ஊற்றாக விடுகின்றன. குடகிலே தலைக்காவேரியில் தோன்றுவது ஒரு சிறு ஊற்றே. ஹேமாவதி, கபினி, பவானி, நொய்யல், அமராவதி முதலியன வந்து கலந்த பின்னரே அது பேராறாகிறது. ஏறத்தாழ 81,000 சதுர கிலோமீட்டர் நிலத்தில் விழும் மழை பள்ளம் நாடிச் சேர்ந்து, சுமார் 800 கிலோமீட்டர் ஓடுகிறது. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிய, இரண்டுமாகத் திருவரங்கத்தைத் தீவாக அணைத்துச் செல்கின்றன. காவேரி பூம்புகாரில் கடலை அடைகிறது. ஆகவே நதி என்பது இரு கரைகளுக்கு நடுவே தெரியும் நீர் மட்டுமன்று. நீரை அளிக்கும் நிலமும் அதனால் வாழும் உயிர்களும் அதனுள் அடங்கும். மேல்துறையில் ஒருவர் விடுவது, கீழ்த்துறையில் மற்றொருவர் ஆசமனத்துக்கு ஏந்தும் கையில் வந்து சேர்கிறது.

ஓடும் நீர் தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும் என்பது உண்மையே. காற்றுக் கலந்த நீரில் நுண்ணுயிர்கள் பூவையும் தழையையும் மக்கச் செய்கின்றன. பிளாஸ்டிக்கும் செயற்கை நூல் துணியும் அவற்றுக்கு எளிதில் இரையாவதில்லை. ஓட்டம் குன்றினால் அவ்வாற்றலும் குன்றும்.

புனிதமும் குன்றுமோ எனில், ஒன்றை எண்ணிப் பார்த்தல் தகும். எம்பெருமான் நித்ய சுத்தன். அவனை எவ்வழுக்கும் தீண்டாது. ஆயினும் சந்நிதியைப் பெருக்கி மெழுகாமல் எந்தக் கைங்கர்யபரரும் இருப்பதில்லை. அது அவனுடைய குறையைப் போக்குவதற்கன்று. அடியவனுக்கு உரிய முறைமை. நதியின் புனிதமும் அவ்வாறே. அது மாசு செய்வதற்கு அளித்த அனுமதியன்று. காக்கும் கடமையையே பெரிதாக்குகிறது. நீரில் எச்சிலும் மலஜலமும் விடலாகாதென்று தர்ம சாஸ்திரம் விலக்கியிருக்கிறது. பாவம் தீர நீராடி, அந்நீரைப் பருகுவோர்க்குத் தீங்கிழைத்துக் கரையேறுபவன் புதியதொரு பாவத்துடன் வீடு திரும்புகிறான்.

ஆடி மாதத்தில் நம்பெருமாளே அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவேரிக்குச் சீர் அளிக்கிறார். அவர் பட்டும் மாலையும் அளிக்கும் துறையில் அடியவர் கந்தலை விடலாமோ? உற்சவத்துக்கு வரும் யாத்ரீகர், நீராடிய பின் தம் ஈரத்துணியைத் தாமே எடுத்துச் செல்வாராகில், அதுவும் எம்பெருமானுக்கு உகந்த கைங்கர்யமே ஆகும்.