ஒனக்கு எதுக்கு இது?

மரக்காணத்து உப்பளத்தில் ஒரு தாய் தன் மகள் கையிலிருந்து பலகையை வாங்கிக்கொண்டார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில நொடிகள் என்னை விடுவதாக இல்லை.

கோடைக்காலக் காலை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பெண்கள் பாத்திகளில் இறங்கி உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கொஞ்சநேரம் வரப்பில் உட்கார்ந்து டீ குடித்தோம். மகள் திண்டிவனத்தில் கல்லூரியில் படிப்பவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். பழைய படங்கள் மேல் பிரியம் உள்ளவள். 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' பார்த்தாளாம். "சுஹாசினி மேடம் கேமராதான சார் படிச்சாங்க, அப்புறம் ஏன் நடிக்க வந்தாங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டார்: "கமல் வீட்டுப் பொண்ணு. நடிக்காம வேற என்னா பண்ணும்?"

டீ முடிந்து எழுந்தபோது மகள் சும்மா பலகையைக் கையில் எடுத்தாள். நீளக் கழியின் முனையில் குறுக்கே அறைந்த மரப்பலகை. வருஷக்கணக்காகப் பிடித்துப் பிடித்துக் கழியில் இரண்டு இடம் மட்டும் கறுத்து வழவழவென்று ஆகியிருந்தது. பெண் குனிந்து பார்க்கவில்லை, என்னோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். அவள் கைகள் மட்டும் நேராகப் போய் அந்த இரண்டு இடத்திலும் உட்கார்ந்தன. ஒரு கால் தானாகப் பின்னுக்கு நகர்ந்தது. என் கண்ணில் படுவதற்கு முன் அது அம்மாவின் கண்ணில் பட்டுவிட்டது. "குடு இங்க. ஒனக்கு எதுக்கு இது?" குரலில் கோபம் இல்லை. வாங்கிய கையில்தான் அவசரம் இருந்தது.

இன்னொரு வீட்டுப் பெண் நடிக்காமல் வேறென்ன செய்வாள் என்று கேட்டவரும், தன் வீட்டுப் பெண் உப்பு வாரிவிடக் கூடாது என்று பதறியவரும் ஒருவரேதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு டம்ளர் டீ குடிக்கிற நேரம்கூட இல்லை.

அந்த அம்மா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பரமக்குடியில் அந்த வீடு வக்கீல் வீடு. சுஹாசினியின் தாத்தா சீனிவாசன் வக்கீல். அப்பா சாருஹாசன் வக்கீல். சித்தப்பா சந்திரஹாசனும் வக்கீல். கடைசித் தம்பி கமல்ஹாசன்தான் 1960இல் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தையாக நடித்து வீட்டுக்குள் சினிமாவைக் கொண்டுவந்தார். சுஹாசினி பிறந்தது அடுத்த வருஷம். சாருஹாசன் 1979இல் 'உதிரிப்பூக்க'ளில் நடித்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மகள் கதாநாயகியானது 1980இல். வீட்டுத் தொழில்தான் பிள்ளைக்கு வரும் என்றால் அவர் கறுப்புக் கோட்டு அல்லவா மாட்டியிருக்க வேண்டும்?

அவர் தேர்ந்தெடுத்தது கோட்டையும் அல்ல, ஒப்பனையையும் அல்ல. சென்னையில் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தார். ஒளிப்பதிவாளர் அசோக்குமாரிடம் உதவியாளராக இருந்தார். அங்கிருந்துதான் இயக்குநர் மகேந்திரன் அவரைக் கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். 1985இல் வந்த 'சிந்து பைரவி'க்கு அவருக்குத் தேசிய விருது. அடுத்த வருஷத்துக் கன்னடப் படமான 'தபரன கதெ'க்காக அதே விருது அப்பாவுக்கு. மகள் வாங்கிய பிறகுதான் தகப்பன் வாங்கினார். யார் வழியில் யார் வந்தார்கள் என்று இதில் எப்படிச் சொல்வது?

சுஹாசினி பேனாவைக் கையில் எடுத்தபோதும் இந்தப் பேச்சு நிற்கவில்லை. 1991இல் தொலைக்காட்சிக்காக 'பெண்' தொடரை இயக்கினார், 1995இல் 'இந்திரா' படத்தை இயக்கினார், 1997இல் 'இருவர்' படத்துக்கு வசனம் எழுதினார். ஒரு நடிகரும் ஓர் எழுத்தாளரும் நண்பர்களாக இருந்து பிரிகிற கதைக்கு, நடிகையாகவும் எழுத்தாளராகவும் இருக்கும் ஒருவர் வசனம் எழுதியிருக்கிறார். அதைப் பற்றி நம் ஆட்கள் பேசிக் கேட்டிருக்கிறேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். மணிரத்னத்தின் மனைவி, அதனால் எழுதினார் என்றுதான் கேட்டிருக்கிறேன். முதலில் கமல் வீட்டுப் பெண், பிறகு மணி சார் மனைவி. இரண்டுக்கும் நடுவில் இரவு விளக்கடியில் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை அடித்து அடித்துத் திருத்தியிருக்கக்கூடிய அந்த ஆள் எங்கே போனார்?

இந்தக் கேள்வி எனக்குச் சுடுவதற்குக் காரணம் உண்டு. என் அப்பா தமிழாசிரியர், அதே பள்ளியில் நான் படித்தேன். தமிழில் முதல் மதிப்பெண் வாங்கினால், "வாத்தியார் புள்ளதான, வாங்காம என்ன?" என்பார்கள். கணக்கில் குறைந்தால், "வாத்தியார் புள்ளையா இப்படி?" என்பார்கள். வாங்கியது அப்பா கணக்கில், விட்டது என் கணக்கில். இரவில் நான் தனியாக மனப்பாடம் செய்த பாட்டுகள் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. அதே சமயம், புத்தகம் அடுக்கிய அந்த வீட்டில் பிறக்காதிருந்தால் அந்தப் பாட்டுகள் என் கைக்கு வந்தே இருக்காது என்பதும் உண்மை.

அப்படி வந்த பாட்டுகளில் ஒன்று புறநானூற்றின் 102ஆம் பாட்டு. வரப்பில் நின்றபோது அரைகுறையாக ஞாபகம் வந்து, ஊர் திரும்பியதும் எடுத்துப் பார்த்தேன். சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்வதுண்டு. அந்தக் காலத்து உப்பு வணிகர்களான உமணர்கள் இந்தக் கரையிலிருந்தும் உப்பு வண்டி கட்டியிருப்பார்கள். பாட்டில் வருவதும் உமணர் வண்டிதான். மாடுகள் இளசு, நுகம் பழகாதவை. பாரமோ அதிகம். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யாருக்குத் தெரியும்? அதனால் வண்டிக்கு அடியில் இன்னொரு அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். சேம அச்சு. அதியமானின் மகன் எழினியை ஔவையார் அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார்.

தகப்பன் இருக்கும்போதே பிள்ளை தயாராக இருக்க வேண்டும் என்று அப்பா பொருள் சொல்வார். சிறுவனாக எனக்கு அது பெருமையாக இருந்தது. வளர வளர அந்த அச்சை நினைத்தால் மனம் கனக்கிறது. இன்னொன்று முறியும்வரை அதற்கு வேலை கிடையாது. எந்த ஊருக்குப் போகிறோம் என்று அதை யாரும் கேட்பதும் கிடையாது. ஆனாலும் மாற்றிப் பூட்டிய பிறகு பாரத்தைத் தாங்குவது அதுதானே? அப்போதும் அதைப் பழைய அச்சின் பெயரால் அழைப்பது என்ன நியாயம்?

உப்பள அம்மாவிடம் திரும்பி வருகிறேன். கடல் தண்ணீர், அடர்த்தியை அளக்கும் போமே கணக்கில் 3 டிகிரி சொச்சம் இருக்கும். பாத்தியில் உப்பு விழ 25 டிகிரிவரை ஏற வேண்டும். 30ஐ நெருங்கினால் கசப்பு உப்பும் சேர்ந்து விழும், அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். மானி போட்டுப் பார்க்கிற இந்தக் கணக்கை அந்த அம்மா தண்ணீரின் நிறத்தைப் பார்த்தும் விரலால் தொட்டும் சொல்கிறார். அடியில் இருக்கும் சேற்றைக் கலக்காமல் மேலே பூத்ததை மட்டும் இழுக்க, பலகையை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். மகளின் கைகள் போய் உட்கார்ந்தது அந்த அறிவின் மேல்தான். அதையே ஒரு நடிகர் வீட்டில் கண்டால் ரத்தத்தில் ஊறிய கலை என்போம். உப்பளத்தில் கண்டால் தலையெழுத்து என்போம்.

அம்மா பதறியதற்கும் நெடிய வரலாறு உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளைகளுக்கு அரை நாள் பள்ளி, மீதிப் பொழுது வீட்டுத் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்துத் தமிழ்நாடே எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அப்பன் தொழில் பிள்ளை தலையில் விழக் கூடாது என்று இந்த மண் ஒருமுறை தீர்மானித்திருக்கிறது. அந்த அம்மா அந்தக் கதையைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமில்லை. உப்புத் தண்ணீரில் வெடித்த பாதமும், வெள்ளை வெயிலில் கூசிக் கூசிச் சுருங்கிய கண்ணும், ஐப்பசி மழை இறங்கினால் நின்றுபோகிற கூலியும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது போதும்.

அப்படியென்றால் வீடு பிள்ளைக்குக் கொடுப்பது தொழிலே அல்ல, அனுமதிதானோ? பெண்கள் ஒளிப்பதிவுப் பக்கமே போகாத காலத்தில் கேமரா படிக்கிறேன் என்ற மகளைப் போ என்று அனுப்பிய வீடு ஒன்று. பலகையைப் பிடிக்காதே, போய்ப் படி என்கிற வீடு இன்னொன்று. சுஹாசினிக்குக் கிடைத்த பெரிய சொத்து கமல் என்ற பெயரைவிட அந்த 'போ'தான் என்று நினைக்கத் தோன்றுகிறது. அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கும் அதுவே கிடைத்திருக்கிறது என்று சொல்லி முடித்துவிடலாம்.

ஆனால் கணக்கு அங்கே நேராகவில்லை. ஒருத்திக்கு வீட்டில் இருந்ததும் உதவியது, வெளியே தேடியதும் உதவியது. வக்கீல் வீடு, நடிகர் வீடு, கேமரா, பேனா என்று எதையும் வீசிவிட வேண்டியிருக்கவில்லை. இன்னொருத்தி முன்னேற வேண்டுமானால் தாயின் கை அறிந்ததை மறந்துவிட்டுப் போக வேண்டும். அந்தக் கழியில் வழவழத்த இடங்கள் அவளோடு எங்கும் வரப்போவதில்லை. அதை இழப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, வெயிலில் நிற்பது நான் இல்லை. இழப்பே இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை.

பிறப்பால் வந்தது எது, உழைத்துச் சேர்த்தது எது என்று பிரித்துவிட்டால் ஒருவருக்கு உரியதை ஒழுங்காகக் கொடுத்துவிடலாம் என்று இவ்வளவு நாள் நம்பியிருந்தேன். இப்போது ஒரு நடிகையின் வாழ்க்கையிலும் பிரிக்க முடியவில்லை, என் தமிழிலும் பிரிக்க முடியவில்லை. பிரிக்காமல் எப்படி நியாயம் பேசுவது என்றும் பிடிபடவில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லும் நாள் வருமா என்றும் தெரியவில்லை.