எட்டும் விலையில் ஒரு துப்பாக்கி

1963 மார்ச்சில், பத்திரிகை விளம்பரத்திலிருந்து கத்தரித்த ஒரு கூப்பன் சிகாகோவின் விளையாட்டுப் பொருள் கடை ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. கேட்டிருந்த பொருள், இத்தாலிய ராணுவம் கழித்துவிட்ட ஒரு ரைஃபிள். தொலைநோக்கியோடு சேர்த்து 19 டாலர் 95 சென்ட், அஞ்சல் செலவு ஒன்றரை டாலர். வாங்குபவர் பெயர் ‘ஏ. ஹிடெல்’ என்றும், முகவரி டல்லாஸில் ஒரு தபால் பெட்டி என்றும் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 22 அன்று அதிபர் கென்னடியைக் கொன்றது அந்தத் துப்பாக்கிதான் என்று வாரன் ஆணையம் பின்னர் முடிவுசெய்தது. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் பூட்டை இழுத்துத் தள்ளவேண்டிய பழைய வகை அது. ஆனால் விலை குறைவு, நீளமும் குறைவு. அமெரிக்காவில் துப்பாக்கி வாங்க நினைக்கும் எளியவர் இன்றும் தேடும் இரண்டு குணங்கள் இவை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், தபாலில் துப்பாக்கி வரவழைப்பதை நிறுத்தியது. வெளிநாட்டு ராணுவங்கள் கழித்த மலிவுத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் அடைத்தது. இதற்காக நெடுங்காலம் போராடிய செனட்டர் தாமஸ் டாட், உள்நாட்டுத் துப்பாக்கி ஆலைகள் நிறைந்த கனெக்டிகட் மாநிலத்தவர். மலிவைத் தடுத்தது உயிர்களைக் காக்கவா, உள்ளூர் ஆலைகளின் சந்தையைக் காக்கவா என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. இரண்டுமே கலந்திருக்கலாம். ஆனால் அதற்கடியில் இருக்கும் கேள்வி இன்னும் தீரவில்லை. கொல்லும் கருவி ஒன்று ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைப்பது தவறா? கருவி மலிவாக இருப்பது அறமா, விலை ஏற்றித் தள்ளிவைப்பது அறமா?

இன்றைய கடையில் கேட்கப்படுவது செமி ஆட்டோமேடிக் ரைஃபிள். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு பாயும்; அடுத்த தோட்டா தானாகவே ஏறிக்கொள்ளும். 1964 முதல் விற்பனையில் உள்ள ரூகர் 10/22 இந்த வகையில் எல்லோரும் அறிந்தது. அணில் வேட்டைக்குப் போகிறவரும், அப்பாவோடு சுடப் பழகும் பிள்ளையும் கையில் எடுப்பது அதைத்தான். ஓஹையோவில் செய்யப்படும் ஹை-பாயின்ட் கார்பைன் என்ற சிறு ரைஃபிள் உண்டு. நடுவே மடித்துப் பைக்குள் வைத்துவிடக்கூடிய கெல்-டெக் சப்-2000 உண்டு. எல்லாம் சில நூறு டாலர்தான். அந்நாட்டின் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 300 டாலர் என்றால் ஏறக்குறைய ஒரு வார உழைப்பு.

இந்த மலிவுக்கு ஆதரவான வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் கறுப்பின மக்களின் வரலாறு நிற்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்த 1865இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலை பெற்ற அடிமைகள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடைசெய்தது. 1879இல் டென்னசி இன்னும் தந்திரமாக நடந்தது. இனத்தின் பெயரே சட்டத்தில் வரவில்லை. ராணுவமும் கடற்படையும் பயன்படுத்தும் கைத்துப்பாக்கிகளைத் தவிர மற்றவற்றை விற்கக் கூடாது என்றது, அவ்வளவுதான். அந்த வகை விலை மிக்கது. பழைய போர்வீரர்களான வெள்ளையர் வீட்டில் அது ஏற்கனவே இருந்தது. கறுப்பர் வாங்கக்கூடிய மலிவு வகை மட்டும் சந்தையிலிருந்து மறைந்தது. கும்பல் கொலைகளை எதிர்த்து எழுதிய ஐடா பி. வெல்ஸ், 1892இல் ஒவ்வொரு கறுப்பர் வீட்டிலும் வின்செஸ்டர் ரைஃபிளுக்கு மரியாதையான இடம் வேண்டும் என்று வாதிட்டார். அவர் வன்முறையை விரும்பியவர் அல்ல. ஷெரிஃபே கும்பலோடு நிற்கும் ஊரில் வேறு யாரிடம் போய் முறையிடுவது? 1964இல் லூசியானாவின் ஜோன்ஸ்பரோவில் குடிமையுரிமைப் போராளிகளின் வீடுகளுக்கு இரவுக் காவல் நின்ற ‘டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்’ குழுவினரும் சாதாரணத் தொழிலாளர்களே. துப்பாக்கி விலை அவர்களுக்கு எட்டாமல் இருந்திருந்தால் யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ் மரபில் நின்று பார்க்கிறவருக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவர் படைமாட்சிக்கும் ஓர் அதிகாரம் தந்தார். ஆனால் அந்தப் படை அரசனுடையது, குடிமகன் வீட்டுச் சுவரில் தொங்குவதல்ல. காக்கவேண்டிய அரசே காக்க மறுத்தால் என்ன என்பதற்கு அந்த ஏற்பாட்டில் நேரான விடை கிடைப்பதில்லை. அமெரிக்கக் கறுப்பர்கள் அந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்தார்கள்.

விலையையே வேலியாக்கும் எண்ணத்தைச் சட்டமாக எழுதிய ஆண்டு 1934. தேசியத் துப்பாக்கிச் சட்டம் இயந்திரத் துப்பாக்கிக்கும் குழல் குறுக்கிய ரைஃபிளுக்கும் 200 டாலர் வரி போட்டது. அன்று அது ஒரு தாம்சன் இயந்திரத் துப்பாக்கியின் விலைக்கே ஏறக்குறையச் சமம். தடை என்று சொல்லாமலே தடுப்பதுதான் நோக்கம். குறுகிய ரைஃபிள் ஏன் அதில் வந்தது என்பது வேடிக்கையான கதை. மசோதா முதலில் கைத்துப்பாக்கியையும் சேர்த்திருந்தது. ரைஃபிளின் குழலை அறுத்துக் கைத்துப்பாக்கி அளவுக்கு ஆக்கித் தப்பிவிடக் கூடாதே என்று குறுகிய ரைஃபிளையும் சேர்த்தார்கள். பிறகு எதிர்ப்பு வலுத்ததால் கைத்துப்பாக்கியை நீக்கினார்கள். குறுகிய ரைஃபிளை நீக்க யாருக்கும் தோன்றவில்லை. சட்டைக்குள் மறையும் கைத்துப்பாக்கிக்கு அந்த வரியும் பதிவும் கிடையாது. 15 அங்குலக் குழல் உள்ள ரைஃபிளுக்கு 2025 வரை இரண்டும் இருந்தன; பதிவு இன்றும் உண்டு. சிறிய ரைஃபிள்கள் எல்லாம் 16 அங்குலத்தை ஒட்டியே செய்யப்படுவது இதனால்தான். அறத்தின் அளவுகோல் என்று நினைத்துப் பலர் சண்டையிடும் அந்த அங்குலக் கணக்கு, பாதியில் கைவிட்ட ஒரு சட்டத்தின் மிச்சம்.

உரிமைக்கு விலை வைப்பதைப் பற்றி அமெரிக்கர் ஏற்கனவே ஒருமுறை யோசித்து முடித்திருக்கிறார்கள். வாக்களிக்க வரி கேட்ட தென்மாநில வழக்கத்தை 1964இன் 24ஆம் திருத்தமும் 1966இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஒழித்தன. துப்பாக்கியையும் அரசியல் சட்டம் காக்கும் தனிமனித உரிமை என்று 2008இல் ஹெல்லர் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. அப்படியென்றால் இதற்கும் கட்டணம் கூடாதல்லவா என்கிறார்கள் துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள். நியூயார்க் நகரம் கைத்துப்பாக்கி உரிமத்துக்கு வாங்கிய 340 டாலரை எதிர்த்த வழக்கு 2013இல் மேல்முறையீட்டில் தோற்றது. ஒப்புமை பாதிதூரம்தான் வருகிறது. ஒருவர் தவறாக வாக்களித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உடலில் துளை விழாது. ஆனாலும் அந்தப் பாதிதூரத்துக்கு வாதம் சரிதான்: தகுதியைச் சோதிக்கவேண்டிய இடத்தில் பணப்பையைச் சோதிப்பது நியாயமல்ல.

விலை காப்பாற்றவும் இல்லை என்பதற்கு டெக்சஸின் உவால்டே சாட்சி. 2022 மே 24 அன்று 19 குழந்தைகளையும் 2 ஆசிரியர்களையும் கொன்றவன், சில நாட்களுக்கு முன்தான் 18 வயதைத் தொட்டிருந்தான். அவன் வாங்கியது மலிவுச் சரக்கல்ல. வரியோடு ஏறக்குறைய 2000 டாலர் ஆன ரைஃபிள். இணையத்தில் பணம் கட்டி, கடையில் போய் எடுத்துக்கொண்டான். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது வேண்டும், ரைஃபிளுக்கு 18 போதும் என்பது அந்த 1968 சட்டத்தின் ஏற்பாடு. 2017இல் லாஸ் வேகஸில் விடுதி ஜன்னலிலிருந்து சுட்டவன் வசதி படைத்தவன். மறுபக்கம், 1999இன் கொலம்பைன் பள்ளிக் கொலையில் ஒரு ஹை-பாயின்ட் கார்பைன் இருந்தது. ஆனால் அங்கேயும் வழிவிட்டது விலை மட்டுமல்ல. 18 வயதுத் தோழி ஒருத்தி, பின்னணிச் சோதனை கேட்காத தனியார் விற்பனையாளரிடம் துப்பாக்கிச் சந்தையில் வாங்கித் தந்தாள்.

இதனால் மலிவு குற்றமற்றது என்று ஆகிவிடாது. கடையில் ஒட்டியிருக்கும் விலை, துப்பாக்கியின் முழுவிலை அல்ல. மீதியை யார் தருகிறார்கள் என்பதில்தான் வாங்குபவரின் அறம் இருக்கிறது.

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். வாசலில் வரப்போகும் அந்நியனை நினைத்து வாங்கிய கருவி, பெரும்பாலும் வீட்டுக்குள் இருப்பவரைத்தான் கொண்டுபோகிறது. கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கி வாங்கியவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஓர் ஆய்வு, சொந்தமாக வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, வைத்திருக்காதவர்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு என்றும், பெண்களுக்கு 35 மடங்கு என்றும் கண்டது. ரைஃபிளுக்கு இதே எண்ணைப் பொருத்த முடியாது. நீளமான துப்பாக்கி தற்கொலைக்கு அவ்வளவு வசதியல்ல என்பதும் உண்மை. ஆனால் சிறியதாக, மடிக்கக்கூடியதாக, எப்போதும் எட்டும் இடத்தில் வேண்டும் என்று தேடத் தேட, அந்த வேறுபாட்டைத்தான் காசு கொடுத்து அழித்துக்கொள்கிறோம்.

அடுத்தது சுவர். செங்கல் சுவருக்குள் வாழும் நமக்கு இது சட்டென்று உறைக்காது. அமெரிக்க வீட்டின் உட்சுவர் மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகை. ரைஃபிள் குண்டுக்கு அது ஒரு பொருட்டல்ல. திருடனைத் தவறவிட்டது பிள்ளையின் அறைக்குள் போகும், அடுக்குமாடியென்றால் அடுத்தவர் வீட்டுக்குள் போகும். சிறிய இடத்தில் வாழும் ஏழைதான் சிறிய துப்பாக்கியைத் தேடுகிறார். அவருடைய அண்டை வீட்டார்தான் சுவருக்கு மிக அருகில் படுத்திருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

பூட்டும் பெட்டி, பயிற்சி, பழகுவதற்கான தோட்டா இவையெல்லாம் சேர்ந்தால் மலிவு ரைஃபிளின் விலையைத் தாண்டிவிடும். 300 டாலருக்கு மேல் ஒரு சென்ட்கூட இல்லை என்பவர், துப்பாக்கியை வாங்கிப் பெட்டியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்தத் துப்பாக்கி அவருக்குக் கட்டுப்படியாகவில்லை என்றே பொருள். கையில் பணம் உள்ளவருக்கும் இதே கணக்குதான். மிச்சிகனின் ஆக்ஸ்ஃபர்ட் பள்ளியில் 2021இல் நான்கு மாணவர்களைக் கொன்ற 15 வயதுப் பையனின் பெற்றோர், தங்கள் கவனக்குறைவுக்காக 2024இல் சிறைத்தண்டனை பெற்றார்கள். அவர்களுக்குக் குறைந்தது பணமல்ல. மகனின் முகத்தைப் பார்க்க அவர்கள் நேரம் ஒதுக்கவில்லை.

எதிர்ச்சாட்சியையும் சொல்லவேண்டும். 2017 நவம்பரில் டெக்சஸின் சதர்லாந்து ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில் ஒருவன் 26 உயிர்களைப் பறித்தபோது, அருகில் வசித்த ஒருவர் தன் ரைஃபிளோடு செருப்புக்கூட இல்லாமல் ஓடிவந்து அவனைச் சுட்டு விரட்டினார். கொன்றதும் தடுத்ததும் ஒரே வகைக் கருவி. வேறுபாடு கையில் இருந்தது: வந்தவர் சுடப் பயிற்றுவித்த அனுபவம் உள்ளவர். கொன்றவனோ துப்பாக்கி வாங்கவே தகுதியற்றவன். அவனுடைய பழைய குற்றத்தை விமானப்படை பதிவேட்டுக்கு அனுப்பாமல் விட்டதால்தான் கடையில் அவனுக்குக் கிடைத்தது.

ஆகவே கேட்கவேண்டியது வயது, பயிற்சி, பூட்டு, பின்னணி. கொலராடோ 2025இல் இயற்றிய சட்டம், கழற்றி மாட்டும் மேகசின் உள்ள பல செமி ஆட்டோமேடிக் ரைஃபிள்களை வாங்க 2026 ஆகஸ்ட் முதல் பயிற்சி வகுப்பு முடித்திருக்கவேண்டும் என்கிறது. அந்த வகுப்புக்கும் பணமும் விடுமுறையும் வேண்டும். ஏழைக்கு அது மறுபடி விலையாகவே வந்து நிற்கும். கட்டணத்தை அரசே ஏற்றால் அந்தக் குறை தீரும். ஏற்க மனமில்லாத அரசு, பாதுகாப்பின் பெயரில் பழைய டென்னசி வழியில்தான் போகிறது.

1934இன் அந்த 200 டாலர் 90 ஆண்டுகள் ஏறவே இல்லை. விலைவாசி ஏறியதில் அது தன் வலுவைத் தானே இழந்தது. 2026 ஜனவரி 1 முதல் குறுகிய ரைஃபிளுக்கு அந்த வரி பூஜ்யம். விரல்ரேகையும் புகைப்படமும் பதிவும் மட்டும் இருக்கின்றன. வரியே இல்லாதபோது வரிச் சட்டத்தின் பேரில் பதிவு எதற்கு என்று துப்பாக்கித் துறையினரும் உரிமை அமைப்புகளும் இப்போது நீதிமன்றம் போயிருக்கிறார்கள். 1937இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை வரி விதிக்கும் அதிகாரத்தின் பேரில்தான் ஏற்றது. ஆகவே சட்ட வாதமாக அதில் வலு இருக்கலாம். ஆனால் ஏழையை மட்டும் தடுத்த வரி போனது நியாயம். எல்லோரையும் ஒரே கேள்வி கேட்ட பதிவையும் அதோடு சேர்த்துத் தூக்கியெறியச் சொல்வதற்கு அந்த நியாயம் துணைவராது.