தான் திருந்தாதவன் பிறரைத் திருத்தலாமா?

பல ஆண்டுகளுக்கு முன்பு, குடியை விட்டுவிடுமாறு ஒருவருக்கு நெடுநேரம் அறிவுரை கூறினேன். அவர் மறுத்து ஒரு சொல்லும் பேசவில்லை. என் மேசைமீதிருந்த மூக்குப்பொடி டப்பாவை ஒருமுறை நோக்கினார். பின்னர் வணக்கம் சொல்லி எழுந்து போனார். அந்தப் பார்வை எழுப்பிய வினா இன்றுவரை என்னை விட்டபாடில்லை. தன்னையே வெல்ல இயலாதவனுக்குப் பிறரைத் திருத்தும் உரிமை உண்டா?

இவ்வினாவைத் தன் நெஞ்சிலே சுமந்து நிற்கும் திரைப்படம் ஒன்று உண்டு. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1948-இல் படைத்த 'குடிகாரத் தேவதூதன்' என்பதே அது. போரில் தோற்றுச் சிதைந்து கிடந்த டோக்கியோவின் சேரி ஒன்று. அதன் நடுவே குமிழிகள் கொப்பளிக்கும் சாக்கடைக் குட்டை. கரையில் ஒரு சிறிய மருத்துவமனை. அங்கே சனாடா என்னும் மருத்துவர் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கிறார். குட்டையோரம் விளையாடும் சிறுவர்களை நோய் பற்றிக்கொள்ளும் என்று அதட்டி விரட்டுகிறார். அவரே பெருங்குடியர். குடிக்க வேறொன்றும் கிடைக்காதபோது, மருத்துவத்துக்கென அளந்து தரப்படும் சாராயத்தையும் விட்டுவைப்பதில்லை.

ஒருநாள் இரவு, கையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த காயத்தோடு மட்சுநாகா என்னும் இளம் ரவுடி அவரிடம் வருகிறான். குண்டை எடுத்த மருத்துவர் அவனது இருமலைக் கேட்டு, காசநோய் என்று ஐயுறுகிறார். 1940-களில் ஜப்பானில் மிகுதியான உயிர்களைக் குடித்த நோய் அது. "குடியை விடு, ஓய்வெடு, எக்ஸ்ரே படம் எடு" என்கிறார். அவன் அவரது சட்டையைப் பிடித்து உலுக்குகிறான். அவரோ கையில் அகப்பட்டதை அவன்மீது வீசுகிறார். அவரது சினம் அவன்மீது மட்டும் எழுந்ததன்று. தம் இளமையை வீணடித்த பழைய சனாடாவையே அவனிடம் அவர் காண்கிறார்.

இக்கதை உருவான வரலாறும் நம் சிந்தனைக்குரியது. குரோசாவாவும், உடன் எழுதிய உவெகுசாவும் முதலில் அம்மருத்துவரைக் குறையற்ற இலட்சிய மனிதராகவே வகுத்தார்கள். அப்பாத்திரம் உயிர்பெற மறுத்தது. முன்பு யோக்கஹாமாவின் சேரிப் பகுதியில் தாங்கள் கண்ட குடிகார வைத்தியர் ஒருவர் நினைவுக்கு வந்த பிறகே சனாடா பிறந்தார் என்று குரோசாவா தம் தன்வரலாற்றில் கூறுகிறார். மாசற்றவராகப் படைத்தபோது அசையாத மனிதர், மாசோடு வந்தபோது எழுந்து நடந்தார்.

நன்மையை உண்மையாகவே அறிந்தவன் தீமை செய்யமாட்டான் என்பது சாக்ரட்டீசின் கொள்கை. அரிஸ்டாட்டில் இதை முற்றிலும் ஏற்கவில்லை. நல்லதை அறிந்தும் செய்யத் தவறும் மனத்தளர்ச்சி ஒன்று உண்டு. அது தீயொழுக்கத்தினின்று வேறானது என்று தம் அறவியல் நூலில் அவர் பிரித்துக் காட்டுகிறார். மனவலிமை குன்றியவன், நல்ல சட்டங்கள் இருந்தும் அவற்றை நடைமுறைப்படுத்தாத நகரத்தை ஒத்தவன். தீயவனோ தீய சட்டங்களை வகுத்து அவற்றைத் தவறாமல் கடைப்பிடிக்கும் நகரத்தை ஒத்தவன் என்பது அவர் தரும் உவமை.

இவ்விரு நகரங்களையும் இப்படத்தில் காணலாம். சனாடா முதல் நகரம். சிறையிலிருந்து திரும்பும் பழைய ரவுடி ஒகாடா இரண்டாம் நகரம். அவனிடம் தடுமாற்றமே இல்லை, வருத்தமும் இல்லை. மூன்றாவதாக ஒரு நகரத்தை நாம் சேர்த்துக்கொள்ளலாம். நல்ல சட்டங்களை வாயிலில் எழுதித் தொங்கவிட்டு, உள்ளே வேறுவிதமாக வாழும் வெளிவேடக்காரனின் நகரம் அது. சனாடா இந்த மூன்றாம் நகரத்தைச் சேர்ந்தவர் அல்லர். தம் புட்டியை அவர் ஒளித்துவைக்கவில்லை; தம் இளமையின் சீர்கேட்டை நோயாளியிடமே ஒப்புக்கொள்கிறார். பலவீனமும் வெளிவேடமும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டால், ஒன்று எல்லாரையும் வாயடைக்கச் செய்வோம். அல்லது எல்லாரையும் மன்னித்துவிட்டு நம்மையும் அவர்களோடு சேர்த்துக்கொள்வோம்.

ஆயினும் பலவீனத்துக்குப் புகழ்மாலை சூட்ட இப்படம் உடன்படவில்லை. மட்சுநாகா சிறிது காலம் அடங்கியிருக்கிறான். ஒகாடா திரும்பியதும், தன் ஆண்மையையும் மதிப்பையும் காட்ட வேண்டிய கட்டாயத்தில் மீண்டும் கோப்பையை எடுக்கிறான். தான் உயிராய் மதித்த கும்பலின் தலைவன் தன்னைத் தூக்கியெறியும் பகடைக்காயாகவே எண்ணுகிறான் என்று அறிந்தபோது, கத்தியோடு ஒகாடாவைத் தேடிச் செல்கிறான். இரத்தம் கக்கியபடியே போரிட்டு, சிந்திய வெள்ளைச் சாயத்தில் வழுக்கிப் புரண்டு, குத்துண்டு மடிகிறான். அதே மருத்துவரின் அதே அறிவுரையைக் கேட்டு நடந்த பள்ளி மாணவி ஒருத்தியோ, நோய் நீங்கி, அவர் வாக்களித்த இனிப்பைக் கேட்டு வந்து நிற்கிறாள்.

மருத்துவர் ஒருவரே, மருந்தும் ஒன்றே, விளைவுகளோ இரண்டு. மருத்துவரின் குடி அம்மாணவி பிழைப்பதைத் தடுக்கவில்லை. அவரது அன்பும் மட்சுநாகாவைக் காப்பாற்றப் போதவில்லை. அப்படியானால் சொல்லின் உண்மை சொல்பவனின் தகுதியைச் சார்ந்து நிற்கவில்லை. கேட்பவனின் உள்ளத்திலும், அவனைச் சூழ்ந்துள்ள குட்டையிலும் பாதிக் கதை அடங்கியிருக்கிறது. படம் நெடுக அக்குட்டையை நமக்குத் திரும்பத் திரும்பக் காட்டுவதன் பொருள் இதுவே. குட்டையைத் தூர்க்காமல் கொசுவை மட்டும் சபிப்பவர்கள் நாம்.

தூதன் என்பவன் செய்தியைச் சுமந்து வருபவன். செய்தி அவனது உடைமையன்று. அவன் கால்களில் சேறு படிந்திருந்தாலும் செய்தி மெய்யாகவே இருக்கும். ஆனால் சேற்றைக் கழுவும் கடமையிலிருந்து அவனுக்கு விடுதலை இல்லை. தன் குறையைக் காரணம் காட்டி வாய்மூடியிருப்பது ஒரு தவறு. தான் பேசிய நல்ல சொற்களையே தன் குறைக்கு ஈடாக எண்ணிக்கொள்வது அதனினும் பெரிய தவறு.

அன்று என் முன் அமர்ந்திருந்தவரிடம் நான் சொன்னது பொய்யன்று. ஆனால் நலம் பெற்றவனைப் போன்ற குரலில் நான் அதைச் சொன்னேன். "ஐயா, உங்களுக்குப் புட்டி, எனக்கு இந்த டப்பா, நாம் இருவரும் முயல்வோம்" என்று தொடங்கியிருந்தால், அவர் இன்னும் சற்று நேரம் உட்கார்ந்திருப்பாரோ என்னவோ. நோயாளியாக நின்று நோயாளியிடம் பேசும் தாழ்ச்சியே அறிவுரை கூறும் உரிமையை நமக்கு ஈட்டித் தருகிறது.