ஒரு சாண் சுறா

மதுரைக்காரர்களுக்குச் சுறா என்றால் புட்டு. மீன் மார்க்கெட்டுக்குப் பால்சுறா வந்தால், பிள்ளை பெற்ற வீட்டுக்காரர்கள் தேடி வாங்குவார்கள். தாய்க்குப் பால் ஊறும் என்று நம்பிக்கை.

அது கரையோரத்துச் சுறா. சில நாட்களாக என் நினைவில் கிடப்பது வேறொன்று. மன்னார் வளைகுடாவின் ஆழத்தில் வாழ்கிறது. எரிடாக்னிஸ் ராட்கிளிஃபை என்று 1913-ல் பெயர் வைத்தார்கள். வளர்ந்து முடிந்தாலும் 24 செ.மீ. அளவுதான். உலகின் மிகச் சிறிய சுறாக்களில் ஒன்று.

*

உடம்பு கரும்பழுப்பு. நீண்டு மெலிந்த வாலில் கறுப்புப் பட்டைகள். சின்ன மீன், இறால் வகை, கணவாய் ஆகாரம். சுமார் 70 மீட்டரிலிருந்து 760 மீட்டர் வரை, கடலடித் தரையை ஒட்டியே இருப்பு. 200 மீட்டர் தாண்டினாலே பாசி பிழைக்க வெளிச்சம் போதாது. மதுரை யானைமலையைத் தூக்கி அந்த 760 மீட்டர் ஆழத்தில் வைத்தாலும் அதன் முதுகு இருட்டுக்குள்தான் கிடக்கும்.

*

முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரிந்து குட்டியாகத்தான் வெளியே வருகிறது. ஒரு சூலுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. பிறக்கும்போதே குட்டி ஏறக்குறைய 11 செ.மீ. தாயின் நீளத்தில் பாதி! இந்தக் கணக்கைத் தாண்டி மனம் நகர மாட்டேன் என்கிறது. லட்சக்கணக்கில் முட்டையிட்டு அலையிடம் விட்டுவிடும் மீன்கள் இருக்கும் கடலில், இது தன்னிடம் உள்ளதையெல்லாம் ஓரிரு பிள்ளைகளிலேயே போடுகிறது. இரை அருகிய இருட்டில் வேறு வழியும் இல்லையோ என்னவோ.

*

மன்னார் வளைகுடாவில் கிடைத்தவற்றை அறுத்துப் பார்த்து, இரையைப் பற்றி 1973-லும் கருவளர்ச்சியைப் பற்றி 1974-லும் நம் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். ஆழ்கடல் இறாலுக்குப் போடும் இழுவை மடியில்தான் இது அகப்படுகிறது. தின்ன ஆள் இல்லை, விலையும் இல்லை. இப்படி மடியில் ஏறும் கழிவு மீனை ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்பார்கள். காய்ந்து, அரைபட்டு, கோழித் தீவனமாகப் போகும். ராத்திரி பரோட்டாக் கடைக் கல்லில் உடையும் முட்டையில் இதன் துளி இருக்கக்கூடும். நிரூபிக்க முடியாது; எனக்கென்னவோ அந்த நினைப்பு போகவில்லை.

*

திமிங்கலச் சுறாவுக்கு நம் நாட்டில் 2001-ல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. நல்லது. பேருந்து நீள மீனுக்குப் பரிந்து பேச ஆள் கிடைக்கும். ஒரு சாண் மீனுக்கு யார் வருவார்? எந்த ஆழத்தில் மடி இழுத்தார்கள், வந்ததில் எத்தனை சினையாக இருந்தது என்று துறைமுகத்தில் யாராவது நோட்டில் குறித்தால்கூடப் போதும், இப்போதைக்கு.