பெயர் சூட்டும் உரிமை யாருக்கு?

வீட்டில் வைத்தால் பொங்கல். கோயிலில் வைத்தால் பிரசாதம். அரிசியும் பருப்பும் ஒன்றுதான். பெயர் சூட்டும் உரிமை மட்டும் அர்ச்சகரிடம் இருக்கிறது. நம் அரசு வெளிநாடுகளோடு செய்துகொள்ளும் உடன்பாடுகளும் இப்படித்தான்.

1958-இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் பேசி, மேற்கு வங்கத்தின் பெருபாரியில் பாதியைப் பாகிஸ்தானுக்குத் தருவதென முடிவெடுத்தார்கள். எல்லையைத் தெளிவுபடுத்துகிறோம், அவ்வளவுதான் என்றது அரசு. 1960-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை: இது மண்ணைக் கொடுப்பது, அரசியலமைப்பைத் திருத்தாமல் முடியாது. ஒன்பதாவது திருத்தம் அப்படி வந்ததுதான். ஆனால் 1969-இல், பாகிஸ்தானோடு எல்லைத் தகராறிலிருந்த குஜராத்தின் கட்ச் பகுதி பற்றிய வழக்கில், தகராறிலிருக்கும் எல்லையைத் தீர்த்துக்கொள்ளத் திருத்தம் தேவையில்லை என்றது அதே நீதிமன்றம். கொடுத்தால் திருத்தம்; தீர்த்தால் கையெழுத்து. எது கொடுப்பது, எது தீர்ப்பது? முதலில் சொல்வது, கொடுக்கிறவரே.

1974-ஐப் பாருங்கள். மே மாதம் வங்கதேசப் பிரதமர் முஜிபுர் ரஹ்மானோடு இந்திரா காந்தி போட்ட எல்லை உடன்பாடு முழுதாக நிறைவேற, 2015-இல் நூறாவது திருத்தம் வரவேண்டியிருந்தது. ஜூனில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவோடு போட்ட கையெழுத்தில், பாக் நீரிணையிலுள்ள கச்சத்தீவு இலங்கைக்குப் போனது. அதற்குத் திருத்தம் இல்லை. கொடுக்கவில்லையாம், கோடு போட்டார்களாம்.

உடனே கைதட்டிவிடாதீர்கள். "ராமநாதபுரம் மன்னர் சேதுபதி ஆண்ட தீவு, ஆகவே நமது" என்று நாம் சொல்வதும் பக்திப் பேச்சாகிவிடக் கூடாது. ராமநாதபுரம் ஜமீன் ஆவணங்களையும் இலங்கை காட்டும் சான்றுகளையும் எதிரெதிரே வைத்துச் சோதித்த பிறகு, தீவு நமதல்ல என்றே முடிவாகியிருக்கலாம். அதை ஏற்கவும் பகுத்தறிவுள்ளவன் தயாராக இருக்க வேண்டும். என் சண்டை 285 ஏக்கருக்காக அல்ல. வெளிப்படையான சோதனை இல்லாமல் ஒரு சொல்லை வைத்துக் கதவைச் சாத்தியதுதான் என் கோபத்துக்குக் காரணம்.

கையெழுத்தான பிறகு, ஜூலையில், வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் நாடாளுமன்றத்தில் விளக்கம் தந்தார்: மீன்பிடிப்பு, யாத்திரை, கப்பல் போக்குவரத்து உரிமைகளெல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்று. 1976 மார்ச்சில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்கள் மாற்றிக்கொண்ட கடிதங்களில் மீன்பிடிப்பு கழன்றுவிட்டது. சாதாரணக் கடிதங்கள்தான். அப்போது நெருக்கடி நிலை. தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடிதத்துக்குத் திருத்தம் வேண்டாமா என்று கேட்கச் சென்னையில் சட்டமன்றமே இல்லை.